பதில் எண்ணைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையிலிருந்து)



நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். படமே இல்லாத ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற ஆட்டம். பலர் ஒரே நேரத்தில் ஆடலாம். காடு, குகை, சண்டை எல்லாம் எழுத்தில்தான் வரும். நாமும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். "இதை இன்னுமா ஆடுறாங்க?" என்பீர்கள். இந்த வகை ஆட்டங்களை இன்றும் ஆடுகிறார்கள். அவர்களில் பார்வையற்றவர்களும் உண்டு. எழுத்தைக் குரலாக மாற்றிவிட்டால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆஸ்திரேலியரான நிக் கேமன் எழுதிய மஷ்கிளையண்ட் இதற்கான விண்டோஸ் புரோகிராம். அதில் பிளகின்கள் சேர்க்கலாம். ஒன்று வரும் வரிகளைக் கவனிக்கும். இன்னொன்று வாசித்துக் காட்டும். ஒவ்வொன்றும் நம்ம ஹாஸ்டல் அறை மாதிரி. அதன் வேரியபிள்களும் ஃபங்ஷன்களும் அதற்கே சொந்தம். பக்கத்து அறைக்காரர் கை வைக்க முடியாது.

அப்படியானால் ஒன்றையொன்று எப்படிக் கூப்பிடும்? அதற்குத்தான் 'கால்பிளகின்' கட்டளை. பிளகினின் 24 எழுத்து அடையாளம், ஃபங்ஷனின் பெயர், சொல்ல வேண்டிய செய்தி, இவ்வளவு கொடுத்தால் போதும். லுவா மொழியின் டேபிள் மட்டும் அப்படியே போகாது. எழுத்துச் சரமாக மாற்றி அனுப்ப வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். கட்டளை ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் காரியம் ஆச்சு. இல்லையென்றால் அந்த பிளகினே இல்லை, அல்லது நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அல்லது அந்தப் பெயரில் ஃபங்ஷன் இல்லை, அல்லது உள்ளே ஓடும்போது பிழை. எது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் விட்டால் புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்து ஆடுபவருக்கு "உயிர் குறைகிறது" என்ற வரி திரையில் தெரியும். குரலை நம்பி ஆடுபவருக்கோ வெறும் மௌனம். ஆபத்து ஒன்றுமில்லை என்றுதானே அவர் நினைப்பார்?

எனவே தம்பி தங்கைகளே, பதில் எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் ஒரு மணிச் சத்தமாவது எழுப்புங்கள். பிறர் கூப்பிடும் ஃபங்ஷனின் பெயரை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதை நம்பி யாரோ ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்.