உறை எங்கே திறக்க வேண்டும்

இன்று மருந்தியலில் பட்டம் பெறும் செல்வங்களே,

2021-ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தவர்களைக் கருப்புப் பூஞ்சை பிடித்தது. இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. பலர் கண்ணை இழந்தார்கள். பலர் உயிரையே இழந்தார்கள். "லைபோசோம் ஆம்போடெரிசின் எங்கேயாவது கிடைக்குமா சார்?" என்று நள்ளிரவில் அழைத்த பிள்ளைகளின் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

பூஞ்சைக்கொல்லி மருந்துதான் வேண்டுமென்றால், சாதாரண ஆம்போடெரிசின் போதாதா? போதாது. பாக்டீரியா நமக்குத் தூரத்து உயிர். பூஞ்சையோ செல் அமைப்பில் நெருங்கிய உறவு. அதன் சவ்வில் எர்கோஸ்டெரால், நம் சவ்வில் கொலஸ்ட்ரால்; இரண்டும் ஒரே சாயல். பூஞ்சையைத் துளைக்கும் மருந்து நம் சிறுநீரகத்தையும் விடுவதில்லை. 1950-களில் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து கிடைத்த அந்த மருந்தை லைபோசோம் எனும் கொழுப்பு உறைக்குள் அடைத்த பிறகுதான் சிறுநீரகம் ஓரளவு தப்பியது. மருந்து அதே மருந்துதான். போய்ச் சேரும் வழிதான் மாறியது.

அந்த உறை நாம் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில் திறக்குமா என்று ஆய்வகங்களில் இப்போது ஒளியைக் கொண்டு முயல்கிறார்கள். ஒருவகைக் கொழுப்பு உறை 41 டிகிரி செல்சியஸில் இளகும். அதோடு நானோ அளவுத் தங்கத் தண்டுகளைச் சேர்த்து அகச்சிவப்பு ஒளியைக் காட்டினால், தங்கம் சூடேறும், உறை நெய்யாக இளகும், மருந்து கசியும். விளக்கை அணைத்தால் உறை மறுபடி இறுகும். எனக்கு இது அழகான வேலையாகத் தெரிகிறது.

ஆனால் ஒளி உடலுக்குள் வெகுதூரம் போகாது. அகச்சிவப்பும் சில சென்டிமீட்டருக்குள் மங்கிவிடும். மண்டையோட்டின் அடிவரை இறங்கிய கருப்புப் பூஞ்சைக்கு இது இன்றைய மருந்து அல்ல. அப்படிச் சொல்லி யாருக்கும் நம்பிக்கை ஊட்டாதீர்கள்.

ஒளி எட்டுகிற இடம் கருவிழி. கதிரடிக்கும்போது நெல் சுணையோ, கரும்பு வெட்டும்போது தோகையோ கண்ணைக் கீறும். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை அங்கே வேர்விடும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், இந்தப் பூஞ்சைக்குப் புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய மருந்தான நேட்டமைசினே நன்றாக வேலை செய்தது. ஆனால் நேட்டமைசின் கருவிழிக்குள் எளிதில் இறங்காது. முதல் வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு விட வேண்டும். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அதை யார் விடுவார்?

மருந்தும் தங்கமும் அடங்கிய அந்த உறைத் துகள்களை ஒருமுறை கருவிழியில் தங்கவைத்து, விளக்கைக் காட்டும்போதெல்லாம் மருந்து வெளிவரச் செய்யலாம் என்று நம்புகிறேன். அந்த ஒளி விழித்திரையைச் சுடக்கூடாது. தங்கம் பிறகு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கையாளக்கூடிய விளக்காக அது இருக்க வேண்டும். நான் படித்த கட்டுரைகளில் முதல் இரண்டைப் பற்றி நிறைய இருக்கிறது, மூன்றாவதைப் பற்றி அதிகம் இல்லை. உங்களில் யாராவது அந்தச் செவிலியரின் மேசையிலிருந்து தொடங்குங்கள்.