விடுமுறையைக் கடக்கும் செடிகள்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் நான் அதிபராகப் பணியாற்றும் பாடசாலையின் மேற்கு மதிலோரத்தில், பிற்பகல் வெயில் முழுவதையும் ஏற்கும் சிறு நிலமொன்று உண்டு. ஓராண்டு தை மாதத்தில் அங்கே ரோசாவும் குரோட்டனும் நாட்டினோம். மாணவர் நாள்தோறும் வாளியில் நீர் சுமந்து ஊற்றினர். ஆகஸ்டு விடுமுறை கழிந்து பாடசாலை திறந்தபோது அங்கே நின்றவை காய்ந்த குச்சிகளே. "எங்கள் செடி ஏன் பட்டுப்போயிற்று, ஐயா?" என்று ஒரு சிறுமி வினவினாள். குற்றம் செடியினுடையதன்று, அதனைத் தெரிந்தெடுத்த என்னுடையது.

வற்றாத ஆறு நமக்கில்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து, நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தங்குகின்றது. அதனையே கிணற்றில் மொள்கின்றோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும். ஆகவே, பூஞ்செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளியும் குடிநீரிற் பங்கேயாகும்.

அடுத்த முறை நமது நிலத்துக்கு ஏற்ற செடிகளையே நாடினோம். சங்கப் புலவர் ஆவிரை என்று போற்றிய ஆவரசு, வறண்ட கரையோரங்களில் தானே வளர்ந்து பொன்போலப் பூப்பது. கற்றாழை தன் மடலிலே நீரைச் சேமித்து, இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும். காகிதப்பூவோ நீர் குறையக் குறைய நிறையப் பூக்கும். நிழலுக்கு வேம்பு ஒன்று போதும். அலரியும் வறட்சியைத் தாங்குமாயினும், அதன் எப்பாகமும் நஞ்சாதலால் பிள்ளைகள் உலாவும் வளவுக்கு அது ஆகாது.

வறட்சியைத் தாங்கும் செடிக்கும் இளமையில் நீர் வேண்டும் என்பதை மறத்தலாகாது. ஐப்பசி முதல் மழையோடு நாட்டினால், மழைக்காலம் முடியுமுன் வேர் ஆழச் செல்லும். முதலாண்டுக் கோடையில் மட்டும் இடையிடையே நீர் ஊற்றுக. கூட்டிய சருகை எரிக்காது செடியடியிற் பரப்புக, ஈரம் நிலைக்கும். தண்டை ஒட்டிக் குவித்தல் மட்டும் வேண்டாம்.

மதிலோரத்து ஆவரசு இப்பொழுது விடுமுறைகளைத் தானே கடக்கின்றது. நேயர்களே, செடியொன்றை வாங்குமுன், "ஒரு மாதம் நான் இல்லாவிடினும் இது வாழுமா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.