முதல் நாழிகையின் மருத்துவர்கள்

இன்று பட்டம் பெற்று உலகிற்குள் அடியெடுத்து வைக்கும் இளம் மருத்துவர்களே,

மூளையையும் முதுகுத்தண்டையும் திறந்து சிகிச்சை செய்யும் நரம்பியல் அறுவை மருத்துவத்தைப் பற்றி இன்று நான் பேசப் போகிறேன் என்று கேட்டதும், அதற்குரிய இடங்கள் சென்னையும் வேலூரும் அல்லவா, இந்த இராமநாதபுரத்துச் சேது நாட்டுக் கடற்கரைக்கும் அந்த அரிய சாஸ்திரத்திற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுள் சிலர் நினைத்திருக்கலாம். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் தளைநார் நழுவி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுக் கிடக்கும் பனையேறியும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைக்கவசமின்றிச் சென்று சரளையில் சறுக்கி விழுந்த வாலிபனும், விசைப்படகில் வலை இழுக்கும்போது இரும்புக் கம்பி தலையில் மோதி நினைவு தப்பிய மீனவரும், எத்தனை பெரிய நிபுணரின் கைக்குப் போய்ச் சேர்ந்தாலும், அதற்கு முன்னால் சந்திக்கப்போகும் முதல் மருத்துவர் நீங்கள்தாம். ஆகையால் அந்தச் சாஸ்திரத்தின் பாதிப் பொறுப்பு உங்கள் மேஜையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் திடமான எண்ணம்.

நம் நாட்டில் இந்தத் துறை பிறந்த கதை தமிழ் மண்ணின் கதை. கோட்டயத்தில் பிறந்து, கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் மேதையிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை ஸ்தாபித்தார். அடுத்த ஆண்டிலேயே, சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்ற டாக்டர் பா. இராமமூர்த்தி, சென்னை அரசு பொது மருத்துவமனையில், ஏழை எளியவர் இலவசமாக வந்து படுக்கும் அந்த வார்டுகளிலேயே, இப்பணியைத் தொடங்கினார். பென்ஃபீல்டின் முறை இன்றும் கேட்போரை வியக்கவைப்பது. மூளைக்குத் தன்னளவில் வலியுணர்வு கிடையாது. ஆதலால் தலையின் மேல்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கையிலேயே, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, பேச்சு எங்கே உறைகிறது, கையின் அசைவு எங்கே பிறக்கிறது என்று குறித்துக்கொண்டு, அவ்விடங்களை விலக்கி, வலிப்பு நோயின் மூலஸ்தானத்தை மட்டும் அகற்றுவது அந்த முறை. வலிப்புக்கான அறுவைச் சிகிச்சை 1950-களிலேயே வேலூருக்கு வந்துவிட்டது என்பதை நம் மக்கள் இன்னும் சரியாக அறியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கம் தோன்றியபோது அதை நிறுவியவர்கள் நால்வர். சாண்டியும் இராமமூர்த்தியும் கத்தி பிடிப்பவர்கள், பல்தேவ் சிங் மருந்தால் சிகிச்சை செய்யும் நரம்பியல் மருத்துவர், எஸ். டி. நரசிம்மன் மூளையின் மின்னலைகளைத் தாளில் பதித்துப் படிப்பவர். ஒரு மருத்துவச் சங்கம் தன் பிறப்பிலேயே, அறுப்பவனுக்கும் அறுக்காதவனுக்கும் நடுவே சுவர் எழுப்பாமல், நால்வரையும் சமமாக ஒரே பாயில் அமர்த்தியது என்பதை நான் பெரும் பாக்கியமாகக் கருதுகிறேன். நிபுணத்துவம் வளர வளர மனிதர்கள் ஒருவரையொருவர் அறியாமல் போவது பல துறைகளில் நடந்திருக்கிறது. இங்கே அது பெரிதும் நடவாமல் போனதற்கு அந்த முதல் நால்வரின் பெருந்தன்மை ஒரு காரணம்.

நம் பழைய வைத்திய மரபில் தேரையர் கதை ஒன்று உண்டு. அகத்தியர் ஒருவருடைய கபாலத்தைத் திறந்தபோது மூளையைப் பற்றிக்கொண்டு ஒரு தேரை இருந்ததாம். குறடு கொண்டு இழுத்தால் மூளை கிழியும் என்று குரு திகைத்து நிற்க, பக்கத்தில் நின்ற சீடர் தேரையர் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை எடுத்து அசைத்துக் காட்ட, தேரை தானாகத் தாவி நீரில் குதித்ததாம். இது சரித்திரமன்று, கதைதான். ஆயினும் மகா வித்துவானின் கருவிக்கு வழி தெரியாத இடத்தில், உடன் நின்ற இளைஞனின் கவனம் வழி கண்டது என்று அதைப் புனைந்தவர்கள், அறுவைக் கூடத்தின் இயல்பை நன்றாக அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னைக் குழுவில் அப்படி உடன் நின்று, பின்னர்த் தாமே வழிகாட்டியானவர்களுள் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் டாக்டர் எஸ். கல்யாணராமனும் உண்டு, அவர்களோடு ஒருசேர நினைக்கத்தக்கவர் டாக்டர் டி. எஸ். கனகா. 1962-இல் சீனப் போர் மூண்ட காலத்தில் இராணுவ மருத்துவச் சேவைக்குச் சென்று, திரும்பிவந்து, 1968-இல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என்னும் இடத்தை அடைந்தவர் அவர். பெண்ணொருத்தி மகப்பேறு மருத்துவத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த ஒரு காலத்தில், மூளையின் ஆழத்தில் மில்லிமீட்டர்க் கணக்கில் குறி வைத்து மின்முனையைச் செலுத்தும் நுட்பமான வேலையை அவர் தம் வாழ்நாள் தொழிலாக ஏற்றார். 1970-களிலேயே மூளையின் ஆழத்தை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சையில் ஈடுபட்டார். நூறு தடவைக்கு மேல் இரத்ததானமும் செய்தார். இங்கே பட்டம் பெறும் பெண்மக்களே, பாம்பனிலும் மண்டபத்திலும் உங்கள் தாய்மார்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் துணிவைவிட, அறுவைக் கூடத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் துணிவு எவ்விதத்திலும் பெரிதன்று. நீங்கள் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இனி, உங்கள் மேஜைக்கு வரும் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனித மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ளது. உயிரோடு இருக்கும்போது இளநுங்கின் பதத்தில் இருப்பது. அதைச் சுற்றியுள்ள மண்டையோடோ சற்றும் விரிந்துகொடாத எலும்பு. பொட்டுப் பக்கத்தில் அடிபட்டு அங்குள்ள மெல்லிய எலும்பு முறிந்தால், அதன் உட்புறமாக ஓடும் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் தேங்கத் தொடங்கும். இந்த நிலையில் ஒரு கொடிய மாயை உண்டு. அடிபட்டவுடன் சற்றே மயங்கியவன் எழுந்து உட்காருவான், தண்ணீர் கேட்பான், பெயர் சொல்வான், வீட்டார் பெருமூச்சு விட்டுப் படுக்கவைப்பார்கள். ஒருசில மணி நேரத்தில் தலைவலி முற்றி, வாந்தி எடுத்து, ஒரு கண்ணின் பாவை விரிந்து, மூச்சு தடுமாறும். "நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தான்" என்று அழும் தாயின் குரலை இந்தத் துறையில் கேளாதவர் இல்லை. உரிய நேரத்தில் மண்டையோட்டைத் திறந்து அந்த இரத்தக் கட்டியை வெளியேற்றினால், பெரும்பாலோர் முழுமையாகப் பிழைத்து எழுந்து வீட்டுக்கு நடந்து போவார்கள். மூளையே சிதைந்த காயத்தில் இவ்வளவு நம்பிக்கைக்கு இடமில்லை. ஆகவே, காப்பாற்றக்கூடிய உயிர் எது என்று இனம்காணும் கண் முதலில் உங்களுக்கு வேண்டும்.

அந்தக் கண்ணுக்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் தேவையில்லை. 1971-இல் லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பெறும் வரை, மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்தியும், கழுத்துத் தமனியில் சாயத்தைச் செலுத்தியும், அதற்கெல்லாம் முன்னதாக ஒரு சிறு சுத்தியலும் குண்டூசியும் கொண்டு உடலைச் சோதித்துமே கட்டி எங்கே இருக்கிறது என்று அந்த முன்னோர்கள் அனுமானித்தார்கள். 1974-இல் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேலும் ஜென்னட்டும், கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகிய மூன்றைக் கொண்டு நினைவின் நிலையை 3 முதல் 15 வரை எண்ணால் குறிக்கும் அளவை வகுத்துத் தந்தார்கள். இராமேசுவரத்து அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் நள்ளிரவில் தொலைபேசியில், "14 இருந்தது, இப்போது 11" என்று சொன்னால், மதுரையில் இருக்கும் அறுவை மருத்துவர் அந்த நோயாளியைக் காணாமலே கூடத்தைத் தயார் செய்யத் தொடங்கிவிடலாம். உலகெங்கும் பரந்த ஒரு சமூகத்திற்குள் அந்தச் செவிலியரும் அந்தக் கணமே உறுப்பினர் ஆகிவிடுகிறார்.

தூரத்தின் கொடுமையை இக்கடற்கரை நன்கு அறியும். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பெற்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துப் பாலத்தையும் சிதைத்தது. தீவுக்குச் சாலைப் பாலம் வந்ததோ 1988-இல்தான். அதுவரை இரவில் தலையில் அடிபட்டவன் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியவனாகவே இருந்தான். இன்று 108 வண்டி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தால் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படுவதில்லை. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்துவைக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் இராமநாதபுரமும் ஒன்றாக அமைந்தது. மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்களும் இவ்வூரிலேயே பாடம் கற்கத் தொடங்கினார்கள். ஆயினும் இராமேசுவரத்திலிருந்து மதுரை இன்னும் சுமார் 170 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அந்த நெடுவழியில் நோயாளியின் மூச்சுக்குழல் அடைபடாமலும், இரத்த அழுத்தம் விழாமலும், கழுத்து திரும்பாமலும் காப்பது எந்த மாபெரும் அறுவைக்கும் குறைந்த கைங்கரியமன்று.

தூரத்தைப் போலவே அறியாமையின் கொடுமையையும் இம்மண் அறியும். இதே மாவட்டத்தில் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று, ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவ்வூரிலுள்ள தர்காவுக்கு ஆறுதல் தேடி வருபவரின் பக்தியை நான் பெரிதும் மதிக்கிறேன். துஆவோடு மருந்தையும் சேர்த்தளிக்கும் அரசு ஏற்பாடு பின்னர் அங்கே வந்தது மிக நல்ல காரியம். ஆனால் காக்கா வலிப்பு என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும், பெண்ணின் நோயை மறைத்து மணம் முடித்துப் பின் அவளைத் தள்ளிவைப்பதும் இன்றும் நடக்கின்றன. வலிப்பு மூளையின் நோய். பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும். மாத்திரைக்கு அடங்காதவருள் சிலருக்கு, வேலூர் எழுபதாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்ட அந்த அறுவை உதவும். இதை ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்ல உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

முதுகுத்தண்டு அறுபட்டவனை அறுவை மீட்டுக் கொடுத்துவிடாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கேதான் நம் மருத்துவச் சமூகத்தின் மற்றொரு கரம் நீள்கிறது. 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து, பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவையே உருவாக்கினார். இவ்வூர் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அப்துல் கலாம், ஏவுகணைக்கென வடிவமைத்த இலேசான பொருளைக் கொண்டு, ஐதராபாத்தில் இளம்பிள்ளைவாதக் குழந்தைகள் அணிந்திருந்த 3 கிலோவுக்கு மேற்பட்ட கால்தாங்கியை 300 கிராமாகக் குறைத்து, அவர்கள் ஓடியாடியதைத் தம் வாழ்வின் பேரின்பமாகச் சொன்னார். எதிர்காலத்தில் யந்திரக் கரங்களும், அறுவையின்போதே வழிகாட்டும் வரைபடங்களும், மூக்கின் வழியே செல்லும் அகநோக்கிகளும் பெருகும். அவற்றை ஆவலோடு வரவேற்கிறேன். அவற்றின் பயன் பனையேறியின் குடிசை வரை வருவதற்கு வேண்டிய மனிதர்களையே இன்று நான் இந்த மண்டபத்தில் தேடுகிறேன்.

வரும் பதநீர்க் காலம் தொடங்குமுன் உங்களுள் சிலரேனும் சாயல்குடிக்கும் கமுதிக்கும் சென்று, விழுந்தவனைக் கையும் காலும் பற்றித் தூக்காமல், தலையையும் கழுத்தையும் ஒருவர் நேராகப் பிடித்திருக்க, ஒரு கதவுப் பலகையில் உருட்டிக் கிடத்தும் விதத்தை அங்குள்ளவர்களுக்குச் செய்து காட்டுங்கள். தங்கச்சிமடத்துப் படகுத்துறையிலும் அவ்வாறே செய்யுங்கள். எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை மணிக்கு உங்களிடம் வந்தார்கள், எத்தனை மணிக்கு மதுரை சேர்ந்தார்கள், யார் நடந்து திரும்பினார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அந்த நால்வர் நிறுவிய சங்கத்தின் ஆண்டு மாநாட்டு மேடையில் இராமநாதபுரத்து மருத்துவர் ஒருவர் எழுந்து அந்தக் குறிப்பேட்டை வாசிக்கும் நாளில், அதைக் கேட்க முன்வரிசையில் எனக்கும் ஓர் இடம் வைத்திருங்கள்.