கொலுசும் வடகமும் படத்தில் பளிச்சென்று தெரிய ஓர் அட்டைப்பெட்டி போதும்

(கூட்டமைப்பின் பயிற்சிக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பகுதியில கைத்தொழிலுக்குப் பஞ்சமே இல்லை. சேலத்துல செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனா வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. சேலம், நாமக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் மரவள்ளி விளையுது, ஜவ்வரிசி ஆகுது, வடகம் ஆகுது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கண்காட்சியில கடை போட்டா வாங்குறவங்க கையில எடுத்துப் பார்ப்பாங்க. இப்போ "வாட்ஸ்அப்ல படம் அனுப்புங்க" என்றுதான் முதல்ல கேக்குறாங்க. படம் மங்கலா இருந்தா பழைய சரக்குன்னு நினைச்சு விலையைக் குறைக்கிறாங்க. படத்துல ஒண்ணு, பார்சல்ல வேறொண்ணு என்றால் திருப்பி அனுப்புறாங்க. போக, வர ஆகும் பார்சல் செலவு குழு தலையில விழுது. அதனால படம் எடுக்கிறதும் நம்ம தொழிலில் ஒரு பகுதி ஆயிருச்சு.

இதுக்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம். நம்ம போனே போதும். குறை போன்ல இல்லைங்க, வெளிச்சத்துல இருக்கு.

வெளிச்சத்தைப் பரப்பணும்

மொட்டை வெயில்ல நின்னா நம்ம நிழல் கன்னங்கரேல்னு விழும். மேகம் மூடினா நிழல் மெலிசாயிடும். சூரியன் அதேதான், மேகம் வெளிச்சத்தைப் பரப்பி விடுது. பல்பை நேரா காட்டினா கொலுசுல ஒரு இடம் கண்ணைக் கூசும், ஒரு இடம் இருட்டாயிரும். போன் பிளாஷும் அப்படித்தான், அதை அணைச்சிடுங்க. நடுவுல ஒரு வெள்ளைத் துணி இருந்தா அதுதான் நமக்கு மேகம்.

பெட்டி செய்யும் முறை

1. ஒன்றரை அடி அகலமுள்ள அட்டைப்பெட்டி ஒன்று எடுத்துக்கோங்க. திறந்த வாய் உங்களைப் பார்த்து இருக்கட்டும்.

2. இடது, வலது, மேல் பக்கங்களில் ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு ஜன்னல் போல வெட்டுங்க. மூன்றிலும் பழைய வெள்ளை வேட்டித் துணியை இழுத்து ஒட்டுங்க.

3. வெள்ளை சார்ட் பேப்பரைப் பின்சுவரிலிருந்து தரை வரை வளைவாக விடுங்க. மடிப்பு விழக்கூடாது. மடிப்பு இருந்தால் படத்தில் கோடு தெரியும்.

4. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை எல்.இ.டி. பல்பு வையுங்க, 9 வாட் போதும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் பொருள் இரண்டு நிறமாகத் தெரியும். குண்டு பல்பு வேண்டாம். அதன் சூட்டில் துணியும் அட்டையும் தீப்பிடிக்கலாம்.

கரண்ட் இல்லையா? வெயில் நேரா விழாத ஜன்னல் ஓரத்தில் பெட்டியை வையுங்க. மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டை நிறுத்தினால் நிழல் குறையும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மட்டும் எடுக்காதீங்க, எல்லாமே நீலமாகத் தெரியும்.

போனைப் பிடிக்கும் முறை

முதலில் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைங்க. நம்ம கை எண்ணெய்ப் பிசுக்கே பாதிப் படத்தைக் கெடுக்குது.

பொருளுக்கு மிக அருகில் போனால் போனால் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒரு சாண் தள்ளி வைத்து, 2 மடங்கு பெரிதாக்கி எடுங்க. கிட்டத்தில் எடுக்கும்போது சின்ன நடுக்கமும் படத்தை மங்கலாக்கும். போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து, மூன்று நொடி டைமர் வையுங்க. திரையில் பொருளைத் தொட்டால் அந்த இடம் தெளிவாகும்.

வெள்ளைத் தாளைப் பார்த்ததும் போன் "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணிப் படத்தைச் சாம்பலாக்கும். தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்க.

கொலுசுக்கு ஒரு வழி, வடகத்துக்கு ஒரு வழி

வெள்ளி ஒரு கண்ணாடி மாதிரி. எதிரில் சிவப்புச் சேலை இருந்தால் கொலுசும் சிவக்கும். ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு, அது வழியா எடுங்க. சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் வெள்ளி சப்பென்று தெரியும். அதனால் இரு பக்கமும் விரல் அகலக் கறுப்புத் தாள் நிறுத்துங்க. சலங்கையின் விளிம்பும் பூ வேலையும் எடுப்பாக வரும்.

வடகமும் ஜவ்வரிசியும் நேர் எதிர். வெள்ளைத் தாளில் வைத்தால் காணாமல் போகும். கருநீலத் துணியில் வைத்து, ஒரு பல்பை அணைத்து, பக்கத்து வெளிச்சத்தில் மட்டும் எடுங்க. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். இதில் வெளிச்சத்தைக் கூட்டாதீங்க. ரசாயனம் போட்டு வெளுத்த ஜவ்வரிசி பற்றி ஜனங்களுக்கு ஏற்கனவே பயம் இருக்கு. நம்ம சரக்கின் இயல்பான நிறம்தான் நமக்குச் சாட்சி.

படம் பொய் சொல்லக்கூடாது

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படம் எடுங்க: முழுசாக ஒன்று, வேலைப்பாடு தெரியக் கிட்டத்தில் ஒன்று, அளவுகோலுடன் ஒன்று. அளவுக்குக் காசு வைக்காதீங்க. 2011-ல் வந்த ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 2019-ல் வந்தது 20 மில்லிமீட்டர். பார்க்கிறவங்க எந்தக் காசுன்னு நினைப்பாங்க? பிள்ளைகளோட ஸ்கேல் போதும்.

நிறத்தை மாற்றும் பில்டர் எதுவும் போடாதீங்க. அனுப்பும்போது "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

இன்னொன்று முக்கியம். கூலி வேலைக்கு வந்த கொலுசு பட்டறைக்காரங்க சொத்து. அந்த மாடலைக் கேட்காமல் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீங்க. குழு சொந்தமாகச் செய்ததை மட்டும் குழு பெயரில் அனுப்புங்க.

சகோதரிகளே, "பையன் வந்து எடுத்துத் தருவான்" என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சலங்கை பற்ற வைக்கிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் குழுவுக்கு ஒரு பெட்டி செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுங்க. பெட்டியில் எடுத்த படம் ஒன்று, வெளியே எடுத்த படம் ஒன்று கொண்டு வாங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்து எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.