சரிகைப் பொன்னும் செம்பொன்னும்



காஞ்சியில் நின்று பொன்னைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமே. பட்டிழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் ஏற்றிய அசல் சரிகையோடு வாழ்பவர் நீங்கள். அப்பொன்னையே இருபது நானோமீட்டர் துகள்களாக்கி நீரில் பரப்பினால் மஞ்சள் மறைந்து, மாதுளை முத்தின் சிவப்பு தோன்றும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. 1857இல் மைக்கேல் பாரடே இச்சிவப்பை ஆராய்ந்து எழுதினார். நம் 'செம்பொன்' என்னும் பழஞ்சொல் அப்போது புதுப்பொருள் பெற்றதென்று நான் மகிழ்வதுண்டு.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், வெள்ளி, பொன் நானோ துகள்களால் குடிநீரின் பூச்சிக்கொல்லி நஞ்சை நீக்க வழி கண்டனர். முனைவர் பட்டத்துக்குப் பின் அவர் மேலாய்வு செய்தது அமெரிக்காவில். இன்று அதற்குக் கடல் கடந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நடுவணரசின் தேசிய மேலாய்வு உதவித்தொகை உண்டு. ஆனால் அது இரண்டாண்டுக்கே; அதன்பின் வேலைக்கு உறுதியில்லை.

தறி வீட்டுத் தாய் கேட்கிறாள்: "டாக்டர் பட்டம் வாங்கியாச்சே, இன்னும் என்னம்மா படிப்பு?" மகளிடம் விடையுண்டு, தாய்க்குப் புரியும் சொல்தான் இல்லை. அதைத் தருவது கவிஞர் கடன். நான் இப்படிச் சொல்வேன்: "பாவு ஓடி முடிந்தது அம்மா, இனித்தான் ஊடை ஓடவேண்டும்."

இதனினும் நல்ல சொல்லை உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.