மாநிறத்துக்கு ஒரு பென்சில்

பென்சிலால் மனித முகத்தை உள்ளது உள்ளபடி வரைவது பற்றி இன்று பேசப் போகிறேன்.

அளவுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தலையின் உயரத்தில் சரிபாதியில் கண் வர வேண்டும், இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் சிற்பிகளும் முகத்துக்கு 12 அங்குலம் என்று வைத்து, நெற்றிக்கு நான்கு, மூக்குக்கு நான்கு, மூக்கடியிலிருந்து மோவாய் வரை நான்கு என்று பிரித்துத்தான் சிலை செய்தார்கள். அவர்களுடைய அங்குலம் அடிக்கோலின் அங்குலம் இல்லை, சிலைக்குச் சிலை மாறும் அளவு. ஒரு மாதம் பழகினால் அளவு கைக்கு வந்துவிடும். எனக்குக் கவலை வேறு. எனக்குக் கவலை நிறம்.

ஜோகூரின் உலு திராமில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். கோத்தா திங்கி சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், சில பெற்றோரும் கூடவே உட்கார்ந்து வரைவார்கள். அங்கே ஒரு பெண் பிள்ளை, படிவம் இரண்டு படிப்பவள், தன் பாட்டியை வரைந்து கொண்டுவந்தாள். பால்மரம் வெட்டிய பாட்டி. விடிவதற்கு முன் நிரைக்குப் போய், வெயிலில் காய்ந்து திரும்பிய முகம். கண் அருமையாக வந்திருந்தது. இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. ஆனால் நெற்றியும் கன்னமும் வெறும் தாள். பென்சில் அங்கே படவே இல்லை. "கன்னத்துக்கு ஏன்மா ஒன்னும் போடலை?" என்று கேட்டேன். "ஷேட் பண்ணா அழுக்கா தெரியும் சார்" என்றாள்.

அந்தப் பதிலை அவள் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. நூறு வருடமாக நாம் சொல்லிக்கொடுத்தது அது. பழைய புகைப்படக் கடைகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? படம் எடுத்து, நெகட்டிவ்வைக் கழுவி, அதன் மேல் நுனி கூரான பென்சிலால் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தீட்டுவார்கள். நெகட்டிவ்வில் கறுப்பு ஏறினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். சுருக்கமும் தழும்பும் அப்படித்தான் மறைந்தன, நிறமும் அப்படித்தான் ஏறியது. யோசித்துப் பாருங்கள், நம் தாத்தா பாட்டிகளின் முகத்தை வெளுத்ததே பென்சில்தான். பிறகு காலண்டர் வந்தது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு போயின. எங்கள் தோட்டத்து லயத்துச் சாமி மேடையிலும் அப்படி ஒரு லட்சுமி படம் இருந்தது. அழகான படம்தான். ஆனால் அழகு என்றால் ரோஸ் நிறம் என்று அது எனக்கு ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டது. இன்றைக்குக் கைப்பேசி அதே வேலையை ஒரு நொடியில் செய்கிறது.

இப்போது பரவியிருக்கும் பென்சில் பாட வீடியோக்களைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைத் தோல், பெரிய கண். கண்ணில் ஆரம்பித்து, கண்ணிலேயே அரை மணி நேரம். அப்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தைப் பொம்மை போல வழவழப்பாக்குவார்கள். அவர்களுக்கு அந்த முறை ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அவர்கள் வரையும் தோலுக்கும் தாளுக்கும் நிறத்தில் அதிக தூரம் இல்லை. தாளை அப்படியே விட்டால் அதுவே தோல் ஆகிவிடும். நம் முகத்துக்கு அது ஆகாது. நேயர்களே, திரும்பவும் சொல்கிறேன்: நம் முகத்தில் தாளின் வெள்ளை தோல் இல்லை. நம் முகத்தில் தாளின் வெள்ளை, பளபளப்பு மட்டுமே.

ஏன் என்று சொல்கிறேன். முகத்தில் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு தோலின் மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பிவிடும். அதுதான் மினுமினுப்பு. அது எல்லா நிறத் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மீதி வெளிச்சம் தோலுக்குள் போய்ச் சிதறி வெளியே வரும். கறுத்த தோல் அதில் பெரும்பகுதியை உள்ளேயே வாங்கிக்கொள்ளும். அதனால் வெள்ளை முகத்தின் மேடு பள்ளத்தை நிழல் காட்டிக்கொடுக்கும், கறுத்த முகத்தின் மேடு பள்ளத்தை மினுமினுப்பு காட்டிக்கொடுக்கும். நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழ் உதட்டின் நடு: இந்த இடங்களின் ஒளியை அதன் வடிவத்தோடு பிடித்துவிட்டால் ஆளே வந்து உட்கார்ந்துவிடுவார்.

பாட்டியை வரைந்த அந்தப் பிள்ளையை அதே தாளிலேயே இப்படிச் செய்யச் சொன்னேன். 2பி பென்சிலைப் படுக்கவைத்து, முடி தொடங்கும் இடத்திலிருந்து கழுத்து வரை முகம் முழுவதும் ஒரே சீராக ஒரு நிழல். விழிவெண்மையையும் விடவில்லை. மேல் இமையின் நிழல் விழுவதால் அது ஒருபோதும் தாள் வெள்ளையாக இருக்காது. பிறகு 4பி எடுத்து மிக இருண்ட இடங்கள்: மூக்குத் துளை, மேல் இமைக்கு அடி, வாயின் பிளவு, தாடைக்குக் கீழ். கடைசியில் பிசையும் ரப்பரைக் கூராக உருட்டி, ஒளி இருக்கும் இடத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். பாட்டியின் கன்ன எலும்பு மேலே எழுந்து வந்தது. முதலில் முழு முகத்துக்கும் நிழல். அடுத்து இருள். கடைசியில் ஒளி. இந்த வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நிழல், இருள், ஒளி. கண்ணின் நுணுக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் யாரிடம் கற்றேன் என்று கேட்டால் ஒரு பெயரைத்தான் சொல்வேன். ஓவியர் இளையராஜா. இசைஞானியைச் சொல்லவில்லை. கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் 1979இல் பிறந்து, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து, ஆனந்த விகடனில் வரைந்து, 2021 ஜூன் மாதம் கொரோனாவில் போய்விட்டாரே, அவர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் படங்களின் முன்னால் உட்கார்ந்து கற்றேன்.

நம் நாட்டிலும் பெரியவர்கள் இருந்திருக்கிறார்கள். 1956இல் செமனாஞ்சோங் ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஹுசேன் ஏனாஸ், 1960களின் தொடக்கத்தில் ஷெல் நிறுவனத்துக்காக இந்நாட்டின் பல இன மக்களின் முகங்களை வரைந்தார். தேர்ந்த கை. கோலாலம்பூருக்குப் போனால் தேசியக் கலைக்கூடத்தில் அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆனாலும் என் மனம் இளையராஜாவிடம்தான் போகிறது, ஏனென்றால் அவர் வரைந்தவர்கள் என் வீட்டுப் பெண்கள். வாசற்படியில் உட்கார்ந்திருப்பவள், அடுப்படியில் நிற்பவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பவள். எல்லோரும் கறுப்பு, மாநிறம். எல்லோரும் அவ்வளவு அழகு.

இளையராஜா வரைந்தது எண்ணெய் வண்ணத்தில், நீர் வண்ணத்தில். பென்சில்காரருக்கு அதில் என்ன பாடம் என்று நினைக்கலாம். அவர் படம் ஒன்றைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். முகத்தில் வெள்ளை எத்தனை இடத்தில் இருக்கிறது? மூக்கு நுனியில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம், மூக்குத்தியில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். வெயில் நேராக விழும் கன்னம்கூட வெள்ளை இல்லை, நடுத்தர நிழல்தான். அதைவிட முக்கியமாக, இருண்ட பக்கத்தைப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக அடைபட்டிருக்காது. தரையில் பட்ட வெயில் திரும்பி எழுந்து தாடையின் அடியை மெல்லத் தொட்டிருக்கும். சேலையின் ஒளி கழுத்தில் ஏறியிருக்கும். அந்தத் திரும்பிய ஒளியால்தான் கழுத்து தாடையிலிருந்து பிரிந்து பின்னால் போகிறது. பென்சிலில் அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றே: தாடையின் விளிம்பில் ஒரு நூல் அளவு இடத்தை, பக்கத்து நிழலை விட ஒரு படி லேசாக விடுவது. அதிகம் விட்டால் கெட்டுவிடும். வெயில் பக்கத்தின் எந்த இடத்தையும் விட அது இருண்டே இருக்க வேண்டும்.

நானும் அவருடைய ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு பென்சிலில் திரும்பத் திரும்ப வரைவேன். ஒவ்வொரு தடவையும் வெயில் பக்கத்துக் கன்னம் இன்னும் கொஞ்சம் இருட்டு கேட்கும். அந்தத் துணிவு அவருக்கு இருந்தது. வெயிலில் நிற்கும் பெண்ணைக் கறுப்பாகவே வைத்து, வெயிலும் தெரியும்படி செய்தார். அவரை இன்னும் இருபது வருடம் வரையவிட்டிருக்கலாம்.

பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்பி, 2பி, 4பி மூன்றும் போதும். 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் பென்சிலுக்காகக் கிராஃபைட் பொடியோடு களிமண் கலந்து சுட்டார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை, கறுப்பும் கூடும். 6பி வாங்கி ஒரே அழுத்தாக அழுத்தாதீர்கள். கிராஃபைட்டை அழுத்தினால் மின்னும், கறுக்க வேண்டிய இடம் ஒளி வீசும். லேசாக நாலு அடுக்கு போடுங்கள். விரலால் தேய்க்காதீர்கள், விரலின் எண்ணெய் தாளில் ஏறிவிட்டால் கறை போகாது. அச்சுப்பொறித் தாள் மெல்லியது, நாலாவது அடுக்குக்குத் தாங்காது. 160 கிராம் ஓவியத் தாளாக வாங்குங்கள். ஜோகூர் ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் நமத்துப் போகும், நமத்த தாளில் ரப்பர் பட்டால் நார் எழும்பிவிடும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு எங்கேயும் போக வேண்டாம். நம் தாமான் வரிசை வீடுகளில் இரண்டு பக்கமும் சுவர், ஜன்னல் முன்னாலும் பின்னாலும்தான். புழுக்கம் என்று நாம் குறைப்படும் அதே அமைப்பு, முகம் வரைபவருக்கு வரம். கூடத்துக் குழல் விளக்கை அணைத்துவிட்டு, பாட்டியையோ அப்பாவையோ முன் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். காலை ஒன்பது மணி நல்லது. மதியம் வெளியே உட்கார வைக்காதீர்கள், இங்கே வெயில் உச்சியில் நின்று கண்குழியை இருட்டாக்கிவிடும். அவர்கள் பேசட்டும், சிரிக்கட்டும், தலையின் சாய்வு மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாளின் மூலையில் மணியைக் குறித்து வையுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு வெளிச்சம் நகர்ந்துவிடும், மீதியை மறுநாள் அதே மணிக்கு வரையுங்கள்.