ஸ்ட்ரைக்கரை அவள் கையில் கொடுங்கள்

(திருவொற்றியூரில் மாணவர், இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டில் நம்ம ஆட்களைப் பாராட்டும்போது மேல்சாதிச் சமூகம் உடம்பைத்தான் பாராட்டும். 'நல்ல வலு' என்பார்கள். மூளையைப் பற்றிப் பேச்சே வராது. பல்வங்கர் பாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்த தலித் பந்துவீச்சாளர். பூனாவில் அவர் பந்துவீச்சு தேவைப்பட்டது. தேநீர் மட்டும் வெளியே, மண்குவளையில். இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. கை வேணும், மூளை வேணாம். இதுதான் சாதியின் கணக்கு.

இந்தக் கணக்கைத்தான் நாம் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் போடுகிறோம்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கேரம் மன்றங்கள் இருக்கின்றன. சுவரில் அம்பேத்கர் படம். போர்டைச் சுற்றி ஆம்பளைங்க மட்டும். சின்ன வயதில் என் தங்கச்சி கேரத்தில் என்னைத் தோற்கடிப்பாள். அவள் வயசுக்கு வந்த வாரம், போர்டை மன்றத்துக்குத் தூக்கிப் போனோம். அடுத்த வருஷம் கணக்கையும் விட்டாள். தூக்கிப் போனவர்களில் நானும் ஒருத்தன். அதனால்தான் பேசுகிறேன்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரத்தில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா யார்? பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுத்து ஊக்குவித்த ஒரு அப்பா அங்கே இருந்தார்.

கேரம் என்பது வலு அல்ல, இயற்பியல். கட்டையில் மோதும் காய் எந்தக் கோணத்தில் போகிறதோ ஏறக்குறைய அதே கோணத்தில் திரும்பும். பவுடர் உராய்வைக் குறைக்கும். ஸ்ட்ரைக்கர் 15 கிராம்வரை, காய் 5 கிராம் சொச்சம். மூன்று மடங்கு கனம். அதனால்தான் நேராக அடித்தால் காய்க்குப் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் குழியில் விழுகிறது. கொஞ்சம் ஒதுக்கி அடித்தால் தப்பிக்கிறது. எட்டாவது படிக்கும் பிள்ளை விரலால் இதைத் தெரிந்துவைத்திருக்கிறாள். 'இதுக்குப் பேர்தான் உந்தம்' என்று சொல்லித்தர ஆள் இல்லை. 'கணக்கு வராது' என்று சொல்ல மட்டும் நிறையப் பேர்.

ஏன் அவள் பொறியாளர் ஆகணும்? 2023 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? மழைவெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் ஓடினார்கள். குழாய்க்குள் என்ன ஓடுகிறது, அளவுமானி என்ன காட்டுகிறது என்பது நமக்குத் தெரியாது. மூச்சுவிடுவது மட்டும் நாம். அந்த மானியைப் படிக்கிற கண் நம் தெருப் பெண்ணின் கண்ணாக இருக்கணும்.

விளையாடினாலே விஞ்ஞானி ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகமும் கணக்கு ஆசிரியரும் இல்லாத பள்ளிக்குக் கேரம் போர்டு மாற்றாகாது. அந்தப் போராட்டம் தனி. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. கணக்கைக் கைவிட்ட பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். மன்றத்தில் தினம் மாலை இரண்டு மணிநேரம் பெண்பிள்ளைகளுக்கு. கூடவே கல்லூரி படிக்கும் அக்கா ஒருத்தி, ஒரு கரும்பலகை. ஆட்டத்தில் போட்ட கோணத்தை அதிலே வரையட்டும்.

அந்த நேரத்தில் அண்ணன்மார் எழுந்து இடம் கொடுக்கணும். அம்பேத்கர் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களிடம் இதைக்கூடக் கேட்கமுடியாதா?